தியானக் குழுவுக்கு என்ன பேர் வைக்கலாம்?

நீங்க கேட்டிருக்கிறத நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. தாம்பரம் பக்கம் உங்க அப்பார்ட்மெண்ட்ல பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமை காலைல கம்யூனிட்டி ஹால்ல அரை மணி நேரம் கண்ண மூடி உக்கார்றீங்க, அப்புறம் டீ குடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசிட்டுக் கலையிறீங்க, குரு யாரும் இல்ல, காசு வாங்குறதில்ல, இந்து, கிறிஸ்டியன், முஸ்லிம்னு எல்லா வீட்டுக்காரங்களும் வரணும்னு ஆசை. டிசம்பர் 21க்கு வெளியாளுங்களையும் கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சி வைக்கப் போறீங்க, அதுக்குள்ள பேர் முடிவாகணும். கைல அஞ்சு பேர் இருக்கு: ஓம் சாந்தி தியான மையம், ஆழ்நிலை தியானக் குழு, மௌன சங்கமம், ஸென் சர்க்கிள், இன்னர் பீஸ் ஹீலிங் சர்க்கிள். இதுல எது சக்தியுள்ள பேர், நியூமராலஜி பாக்கணுமானு கேட்டிருக்கீங்க. கேள்விய முழுசாப் படிச்சா உங்களுக்கு வேண்டியது இதுன்னு எனக்குத் தோணுது: எந்தப் பேர் வச்சா உங்கள யாருன்னே தெரியாத பக்கத்து பிளாக் ஆள் தயங்காம உள்ள வருவார், வந்தப்புறம் நினைச்சு வந்தது ஒண்ணு இங்க நடக்குறது ஒண்ணுன்னு திரும்பிப் போகாம இருப்பார்? அதுக்குப் பதில் சொல்லப் பாக்குறேன்.

நான் ரொம்ப வருஷமா வாராந்திர தியான அமர்வு நடத்துறவங்களோட சேர்ந்து வேலை பாக்குறேன், நானும் நடத்துறேன். ஹால் பேசுறது, நோட்டீஸ் எழுதுறது, போன்ல விசாரிக்கிறவங்களுக்குப் பதில் சொல்றது இதெல்லாம் என் கைல வர்ற வேலை. இதுல எனக்கு அதிகம் கத்துக்கொடுத்தது அந்த போன் கால்தான். நோட்டீஸ்ல பேர மட்டும் பாத்துட்டுக் கூப்பிடுறவங்க கேக்குற முதல் கேள்வி எதுவோ, அதுதான் அந்தப் பேர் அவங்ககிட்ட சொன்ன சேதி. பேர் சரியில்லாதப்ப "இது எந்த சாமியாரோடது", "தீட்சை குடுப்பீங்களா", "சர்டிபிகேட் உண்டா"ன்னு கேப்பாங்க. பேர் சரியா இருந்தா "எத்தனை மணிக்கு வரணும், கீழ உக்கார முடியாது, நாற்காலி இருக்கா"ன்னு நேரா விஷயத்துக்கு வந்துடுவாங்க. சட்டம் பத்தி கீழ சொல்றது இந்த வேலை பாக்குறதால தெரிஞ்ச அளவுதான், நான் வக்கீல் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல எந்த சந்தேகமும் இல்லாம சொல்லக்கூடியது. உங்க அஞ்சு பேர்ல மூணு ஏற்கனவே இன்னொருத்தர் வீட்டுப் பேர். ஓம் சாந்தின்னு சொன்னாலே நம்ம ஊர்ல பிரம்மா குமாரிகள்தான். அவங்க 1930கள்ல சிந்து மாகாணத்து ஹைதராபாத்ல ஓம் மண்டலிங்கிற பேர்ல ஆரம்பிச்சு அப்புறம் மவுண்ட் அபுவுக்கு வந்தவங்க, ஒருத்தர ஒருத்தர் பாத்தா சொல்ற வணக்கமே ஓம் சாந்திதான், வெள்ளைப் புடவை கட்டின சகோதரிகள், சிவப்பு வெளிச்சம், ராஜயோகம்னு எல்லாமே அந்த ரெண்டு வார்த்தையோட சேர்ந்து வந்துடும். நீங்க அந்தப் பேர வச்சா அவங்க ஆளுங்க சந்தோஷமா வந்து பாத்துட்டுக் குழம்புவாங்க, மத்தவங்க அவங்க கிளைன்னு நினைச்சு வராமலே இருந்துடுவாங்க. ஆழ்நிலை தியானம்ங்கிறத நீங்க "ஆழமான தியானம்"ங்கிற அர்த்தத்துல எடுத்திருக்கீங்கன்னு தெரியுது. ஆனா அது மகரிஷி மகேஷ் யோகியோட டிரான்ஸென்டென்டல் மெடிடேஷனுக்குத் தமிழ்ல நிலைச்சுப் போன பேரு. அதுல பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மந்திரம் குடுத்து, தினம் ரெண்டு வேளை இருபது இருபது நிமிஷம் உக்காரச் சொல்லுவாங்க. அந்த முறைய நீங்க செய்யல, அதனால அந்தப் பேரும் வேண்டாம். ஸென்ங்கிறது ஜப்பான்ல வளர்ந்த பௌத்தத் தியான முறை, அதோட கதையும் அதேதான். கொடைக்கானல் பக்கத்துல பெருமாள்மலைல இயேசு சபைப் பாதிரியார் ஆமா சாமி ஆரம்பிச்ச போதி ஸெண்டோ மாதிரி இடத்துக்குப் போய்ட்டு வந்தவங்க ஸென்னு போர்டு பாத்தா, எப்படி உக்காரணும், எப்ப மணி அடிக்கும், எப்ப எந்திரிச்சு நடக்கணும்னு ஒரு முழு ஒழுங்க எதிர்பார்த்து வருவாங்க. அந்த ஒழுங்கு உங்க ஹால்ல இல்லன்னா அவங்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

உங்க கேள்விக்குக் கீழ கமெண்ட்ல ஒருத்தர் "விபஸ்ஸனா குரூப்"னு வைங்கன்னு சொல்லியிருந்தார், அதையும் சேர்த்து சொல்லிடுறேன். விபஸ்ஸனாங்கிறது ஒரு பௌத்தத் தியான முறையக் குறிக்கிற பழைய பாலி சொல், பர்மா, தாய்லாந்து, இலங்கைன்னு பல குரு மரபுகள்ல இருக்கு, யாரும் தனக்கு மட்டும்னு சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா சென்னைல அந்த வார்த்தையக் கேட்டா அதச் சொல்லிக்குடுத்த ஆசிரியர் எஸ்.என். கோயங்காவோட பத்து நாள் கோர்ஸ்தான் ஞாபகம் வரும், அவரோட மையங்கள்தான் இகத்புரில தம்ம கிரி, இங்க திருமுடிவாக்கத்துல தம்ம சேது. அந்த மரபுல குரூப் சிட்டிங்னு சொல்றதுக்கே ஒரு திட்டவட்டமான அர்த்தம் இருக்கு, பத்து நாள் கோர்ஸ் முடிச்சவங்க மட்டும் ஒரு மணி நேரம் சேர்ந்து உக்கார்றது. கோர்ஸ் முடிச்ச ஒருத்தர் உங்க போர்டப் பாத்துட்டு அதே கட்டுப்பாட்ட நம்பி வருவார், வந்து பாத்தா பாதிப் பேர் மொபைல் ஆப்ல வர்ற குரலக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாரும் கேஸ் போட மாட்டாங்கதான், ஆனாலும் அந்த மனுஷன் நம்பி வந்தது நடக்கலயே, அது எனக்குப் பெரிய விஷயம்.

அப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. உறுதியாச் சொல்லக்கூடியது ரெண்டு. ஒண்ணு, தியானம், மௌனம், அமைதி மாதிரி பொதுச் சொல்ல வெறுமனே வச்சுக்கிட்டு இது எனக்கு மட்டும்னு டிரேட்மார்க் வாங்குறது சுலபமில்ல, ஆனா ஒரு அமைப்பு தன்னோட முறைக்கு வச்ச தனிப் பேரப் பதிவு பண்ணலாம், பல பெரிய அமைப்புங்க பண்ணியிருக்காங்க. 1999 டிரேட்மார்க் சட்டப்படி ஒரு பதிவு பத்து வருஷம் செல்லும், புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். டிரேட்மார்க் பதிவுத் துறையோட இணையதளத்துல யார் வேணா இலவசமாத் தேடிப் பாக்கலாம், பயிற்சி, கல்வி எல்லாம் 41ஆம் வகுப்புல வரும், அதுல உங்க பேரப் போட்டுப் பாருங்க, கொஞ்ச நேர வேலைதான். ரெண்டு, முறை வேற பேர் வேற. அமெரிக்கால பிக்ரம் யோகா வழக்குல 2015ல அப்பீல் கோர்ட்டு, ஆசனங்கள ஒரு வரிசைல அடுக்கிட்டதால அதுக்குக் காப்பிரைட் கேக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அது அந்த ஊர்த் தீர்ப்பு, நம்ம கோர்ட்ட அது கட்டுப்படுத்தாது, ஆனா வித்தியாசம் புரியும். மூச்ச கவனிக்கிறதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம், அதுக்கு அடுத்தவங்க வச்ச பேர எடுத்துப் போர்டுல போடுறதுலதான் பிரச்சினை. நோட்டீஸ் அளவுல நடக்குற ஒரு சின்னக் குழு மேல யாராவது வழக்குப் போடுவாங்களான்னா, எனக்குத் தெரிஞ்சு பெரும்பாலும் ஒரு போனோ ஒரு லெட்டரோ வரும், அதோட முடிஞ்சுடும். அதுக்கு மேல வேணும்னா வக்கீல்கிட்டதான் கேக்கணும்.

நல்ல பேர் எப்படி இருக்கும்னு பாக்க உங்களுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், உங்க பக்கத்துக் கூடுவாஞ்சேரில பொறந்தவர் வேதாத்திரி மகரிஷி. நெசவுக் குடும்பம். 1958ல உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பிச்சார், குண்டலினி யோகத்த எளிமையாக்கி அவர் சொல்லிக்குடுத்ததுக்குத் தமிழ்ல வச்ச பேர் மனவளக்கலை. அதுல சாமி பேர் இல்ல, குருவோட பேர் இல்ல, பயமுறுத்துற வார்த்தை எதுவும் இல்ல. கலைன்னு சொன்னதால இது பழகிப் பழகி வர்றதுன்னு புரியும், ஒரே நாள்ல கெடைக்கும்ங்கிற வாக்கும் அதுல இல்ல. தறி ஓட்டுறவருக்கும் புரியும், பேங்க்ல வேலை பாக்குறவருக்கும் புரியும். அதனாலதான் சின்னச் சின்ன ஊர்ல கூட மனவளக்கலை மன்றம்னு போர்டு பாக்குறோம்னு நினைக்கிறேன், இது என் கணிப்புதான், அவங்க அமைப்பு கட்டிய விதமும் காரணமா இருக்கும். அதுக்காக அந்தப் பேர நீங்க எடுத்துக்கக் கூடாது, அது அவங்களோடது. அது கட்டப்பட்ட விதத்தப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

அடுத்து, பலர் யோசிக்காம விட்டுடுற இடம், பேரோட கடைசி வார்த்தை. முன்னாடி என்ன அழகான சொல் போட்டாலும் ஜனங்க அந்த வால வச்சுத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு முடிவு பண்றாங்க. வகுப்புன்னு போட்டா சொல்லிக்குடுக்க ஆள் இருக்கார், பாடத்திட்டம் இருக்கு, ஃபீஸ் இருக்குன்னு அர்த்தம். பயிற்சின்னு போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான். முகாம்னா "தங்கணுமா, சாப்பாடு உண்டா"ன்னு கேப்பாங்க. மையம்னா தினமும் தொறந்திருக்கிற ஒரு கட்டடம் இருக்குன்னு நினைச்சு புதன்கிழமை சாயங்காலம் கூட ஆள் வந்து நிப்பாங்க, உங்களுக்கு இருக்கிறதோ வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஹால். பீடம், ஆசிரமம்னா குரு யாருன்னு கேள்வி வரும். சத்சங்கம்னா பஜனையும் பிரசங்கமும் இருக்கணும். சபைன்னா ஒருத்தருக்கு சர்ச், இன்னொருத்தருக்கு மார்கழிக் கச்சேரி, இன்னொருத்தருக்கு வடலூர். சங்கம்னா சந்தா, தலைவர், செயலாளர், பொருளாளர், அடுத்த வருஷம் எலெக்‌ஷன். மன்றம்னா நம்ம ஊர்ல ரசிகர் மன்றமும் ஞாபகம் வரும், மனவளக்கலையும் ஞாபகம் வரும். டிரஸ்ட், ஃபவுண்டேஷன் எல்லாம் பதிவு பண்ணாம போடவே போடாதீங்க, நன்கொடை ரசீது கேப்பாங்க, இல்லன்னா சந்தேகம் வரும். இந்த வரிசைல உங்களுக்குப் பொருந்துறது குழு, வட்டம், அமர்வு இந்த மூணும்தான். வாசகர் வட்டம்னு பல ஊர்ல நடக்கும், அங்க எல்லாரும் சமமா சுத்தி உக்காந்து பேசுவாங்க, அந்த வாசனை வட்டத்துல இருக்கு, குரு இல்லாத உங்க குழுவுக்கு அது நல்லா ஒட்டும். அமர்வுங்கிறது ஒரு தடவை உக்கார்றத சொல்லும், அதனால டிசம்பர் நிகழ்ச்சிக்கு வச்சுக்கலாம்.

மௌன சங்கமம் உங்க லிஸ்ட்ல அழகான பேர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 2007ல சென்னை சங்கமம் வந்ததுல இருந்து, அப்புறம் காசி தமிழ் சங்கமம் வந்ததுக்கப்புறம் இன்னும் அதிகமா, சங்கமம்னா மேடை, பறை, கூட்டம், சாப்பாட்டுக் கடைன்னு ஒரு திருவிழா மனசுல வந்துடுது. பன்னெண்டு பேர் உக்கார்ற ஹாலுக்கு அது ரொம்பப் பெரிய சட்டை. மௌனங்கிற வார்த்தைல இன்னொரு விஷயம் கவனிக்கணும், அந்த வார்த்தைய நம்பி வர்றவர் அந்த அரை மணி நேரம் உண்மையிலேயே யாரும் பேச மாட்டாங்கன்னு நம்பி வர்றார். நீங்க ஆப்ல குரல் போட்டு நடத்துறதா இருந்தா மௌனம்னு வைக்காதீங்க, சும்மா உக்கார்றதா இருந்தா தாராளமா வைங்க. எழுத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு, பாதிப் பேர் மௌனம்னு எழுதுவாங்க, தினசரி படிச்சுப் பழகினவங்க மவுனம்னு அடிப்பாங்க, வாட்ஸ்அப்லயும் கூகுள்லயும் தேடும்போது ஒண்ணு கெடைக்கும் ஒண்ணு கெடைக்காது. அதனால வைக்கிறதுன்னா விவரம் எழுதுற இடத்துல ரெண்டாவது எழுத்துமுறையையும் ஒரு தடவை போட்டுடுங்க.

எல்லா மதத்துக்காரங்களும் வரணும்னு சொன்னீங்களே, இதுல எனக்கு உறுதியா தெரிஞ்சதும் இருக்கு, ஊகிக்கிறதும் இருக்கு. உறுதியா தெரிஞ்சது, ஓம், சக்தி, சிவம், தீட்சை, குண்டலினி, சக்கரம் இதுல எது பேர்ல இருந்தாலும் சில கிறிஸ்டியன், முஸ்லிம் வீடுகள்ல இது இன்னொரு மத வழிபாடுன்னு எடுத்துக்குவாங்க, நீங்க எவ்வளவு விளக்கம் சொன்னாலும் போர்டத்தான் நம்புவாங்க. அதே சமயம் தியானங்கிற வார்த்தையே கத்தோலிக்கர்கள்கிட்ட வேற அர்த்தத்துல புழங்குது, தவக்கால தியானம்னு பங்குல அறிவிப்பு வந்தா ஃபாதர் வந்து பிரசங்கம் பண்ணுவார், பாவசங்கீர்த்தனம் இருக்கும். அதனால "தியானக் கூட்டம்"னு நோட்டீஸ் ஒட்டினா, எந்த ஃபாதர் வர்றாங்கன்னு கேட்டே உங்களுக்கு போன் வரலாம். குளித்தலை பக்கத்துல தண்ணீர்ப்பள்ளில காவேரிக் கரைல 1950ல ரெண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் ஆரம்பிச்ச ஆசிரமம் இருக்கு, அதுக்குப் பேர் சச்சிதானந்த ஆசிரமம். வேதாந்தச் சொல்ல எடுத்துக் கிறிஸ்தவத் திரித்துவத்தோட சேர்த்துப் பாத்து வச்ச பேர். ஆழமா யோசிச்சு வச்சதுதான், ஆனாலும் ரெண்டு பக்கத்துல இருந்தும் கேள்வி வந்துச்சு, கிறிஸ்டியன்ல சிலர் ஏன் இந்துப் பேருன்னு கேட்டாங்க, இந்துக்கள்ல சிலர் எங்க சொல்ல நீங்க ஏன் எடுத்தீங்கன்னு கேட்டாங்க. இன்னைக்கு ரொம்பப் பேர் அந்த இடத்த சாந்திவனம்னுதான் சொல்றாங்க. தத்துவம் சுமக்கிற பேர விட மரமும் நிழலும் ஞாபகம் வர்ற பேர் வாயில தங்கிடுச்சு. உங்க அப்பார்ட்மெண்ட்ல எது ஒத்து வரும்னு நான் இங்க உக்காந்துக்கிட்டு சொல்ல முடியாது, அது ஊகம்தான். உங்க கிறிஸ்டியன் வீட்டுக்காரர் ஒருத்தரையும் முஸ்லிம் வீட்டம்மா ஒருத்தரையும் பேர் முடிவு பண்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டு, "இந்தப் பேர் போட்ட நோட்டீஸ் உங்க வீட்டுக் கதவுல மாட்டியிருந்தா உங்க அம்மா என்ன சொல்வாங்க"ன்னு கேளுங்க. "உங்களுக்கு ஓகேவா"ன்னு கேட்டா மரியாதைக்கு ஓகேன்னுதான் சொல்லுவாங்க, அம்மாவ வச்சுக் கேட்டா உண்மை வந்துடும்.

இப்ப அந்த ஹீலிங் சர்க்கிள். அத எடுத்துடுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு குழு மன அழுத்தம் போக்கும் தியானம்னு பேர் வச்சு நோட்டீஸ் போட்டாங்க, நல்ல மனசோடதான் போட்டாங்க. அன்னைக்கு ஒரு அப்பா காலேஜ் படிக்கிற பையனக் கூட்டிட்டு வந்தார், கைல பிளாஸ்டிக் கவர்ல டாக்டர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாம் அடுக்கி எடுத்துட்டு வந்திருந்தார். முதல் வரிசைல உக்காந்து, முடிஞ்சதும் நேரா வந்து கவரத் தொறந்து, "எத்தனை வாரம் வந்தா இந்த மாத்திரைய நிறுத்தலாம் சார்"னு கேட்டார். பக்கத்துல அந்தப் பையன் தரையப் பாத்துக்கிட்டு நின்னான். மாத்திரைய நிறுத்தாதீங்க, டாக்டரத்தான் கேக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க, அவர் முகம் வாடிப் போச்சு, அவர் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல, நோட்டீஸ்ல இருந்ததத்தான் கேட்டார். தியானம் சிலருக்குப் பதட்டம் குறைக்க உதவுதுன்னு ஆராய்ச்சிகள் இருக்கு, 1979ல அமெரிக்கால ஜான் கபாட்-ஜின் ஆஸ்பத்திரில பல வாரப் பயிற்சியா ஆரம்பிச்சதுல இருந்து நெறைய பாத்திருக்காங்க, ஆனா அது பயிற்சி எடுத்தவங்க திட்டம் போட்டு நடத்துறது, ஞாயித்துக்கிழமை நாம சேர்ந்து உக்கார்றதுக்கு அந்த முடிவ அப்படியே ஒட்ட வைக்க முடியாது. சிலருக்குக் கண்ண மூடி உக்காந்தா பழைய பயம், துக்கம் மேல வந்து கஷ்டம் அதிகமாகுறதும் உண்டு. சட்டத்துலயும் 1954ல வந்த மருந்து மற்றும் மாய வைத்தியம் சட்டம் சர்க்கரை, ரத்த அழுத்தம், கேன்சர் மாதிரி ஒரு பட்டியல் நோய்கள குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதத் தடுக்குது, மந்திரம், தாயத்து, கவசம் எல்லாம் அதுல மாய வைத்தியத்துக்குள்ள வரும். மூச்சப் பாக்குற தியானத்துக்கு அது பொருந்துமாங்கிறது வாதத்துக்குரியது, நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். சட்டம் பொருந்தினாலும் பொருந்தலன்னாலும் பேர்ல குணம், நிவாரணம், சிகிச்சை, ஹீலிங், தெரபி எதுவும் வேண்டாம். நோட்டீஸ் அடில "இது சிகிச்சை இல்ல"ன்னு ஒரு வரியும், டெலி மனாஸ் 14416ங்கிற அரசு மனநல உதவி எண்ணும் போட்டா இன்னும் நல்லது.

நியூமராலஜி கேட்டீங்க. பேர்ல இருக்கிற எழுத்தக் கூட்டி வர்ற எண்ணால கூட்டம் வந்ததாவோ வராம போனதாவோ எனக்கு எந்த ஆதாரமும் தெரியாது, உங்க வீட்ல நம்பிக்கை இருந்தா அத நான் கொறை சொல்லப் போறதில்ல. ஆனா இங்கிலீஷ்ல எழுதும்போது எண்ணுக்காக ஒரு எச்சு, ஒரு ஏ கூடுதலா சேர்த்தீங்கன்னா தேடுறவங்களுக்கு உங்க குழு கெடைக்காது, ஏற்கனவே தியானங்கிறத இங்கிலீஷ் எழுத்துல நாலு விதமா எழுதுறோம். எண் பாத்தே ஆகணும்னா தமிழ் எழுத்தத் தொடாம விட்டுட்டு, ஆரம்பிக்கிற தேதில பாத்துக்கோங்க.

ஒரு பரீட்சை சொல்றேன், நான் எல்லா குழுவுக்கும் இதத்தான் பண்ணச் சொல்வேன். வெளியாள் ஒருத்தர் உங்க கேட்ல வந்து நிக்கிறார்னு வைங்க, செக்யூரிட்டி அண்ணன் ரெஜிஸ்டரத் தள்ளி "எங்க போறீங்க"ன்னு கேப்பார். வந்தவர் கூச்சமில்லாம ஒரே மூச்சுல அந்தப் பேர சொல்ல முடியணும், செக்யூரிட்டி அண்ணனுக்கு அது காதுல விழுந்ததும் புரிஞ்சு "ஹால் லெஃப்ட்ல"ன்னு கை காட்டணும். ஆத்ம விகாச சாதனா சம்மேளனம்னு வச்சா ரெண்டு பேருமே மாட்டிக்குவாங்க. இன்னர் பீஸ்னு வச்சா எங்கயோ ஸ்பா தொறந்திருக்காங்கன்னு கூட நினைக்கலாம். வாட்ஸ்அப் லிஸ்ட்லயும் பேரோட முதல் ரெண்டு மூணு வார்த்தைதான் கண்ணுல படும், அதனால ஊர், கிழமை, தியானம் இதுல முக்கியமானது முன்னாடி வரட்டும், ஸ்ரீ, தி, யுனிவர்சல் எல்லாம் வச்சு அந்த இடத்த வீணாக்காதீங்க.

பின்னாடி பதிவு பண்ற எண்ணம் இருந்தா, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி குறைஞ்சது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர்கிட்ட விண்ணப்பிக்கணும், ஏற்கனவே இருக்கிற சங்கத்துப் பேர் மாதிரியே இருந்தா மறுத்துடுவாங்க, அதனால ரெண்டு மூணு மாற்றுப் பேர் கைல வச்சுக்கோங்க. இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையே இல்லன்னு எனக்குத் தோணுது. ஒரு வருஷம் ஒழுங்கா உக்காந்து பாத்துட்டு யோசிங்க, அப்ப உங்களுக்கே வேற பேர் தோணினா மாத்திக்கவும் தயங்காதீங்க. வள்ளலார் 1865ல ஆரம்பிச்சது சமரச வேத சன்மார்க்க சங்கம், 1872ல அவரே அத சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்னு மாத்தினார். தான் சொல்ல வந்தது தெளிவாகத் தெளிவாக வேதங்கிற சொல்ல எடுத்துட்டு சுத்தங்கிற சொல்லக் கொண்டு வந்தார். அவ்வளவு பெரிய மனுஷரே மாத்தியிருக்கார், நமக்கென்ன. ஆனா மாத்தினா பழைய பேரையும் கொஞ்ச நாளைக்கு அடைப்புக்குறில போட்டு வைங்க, பாதிப் பேர் பழைய பேர வச்சுத்தான் தேடுவாங்க.

டிசம்பர் 21 நிகழ்ச்சிக்கு வர்றேன். ஐ.நா. பொதுச்சபை 2024ல அந்த நாள உலக தியான தினமா அறிவிச்சது, அதனால அன்னைக்கு ஊர் முழுக்க எல்லா அமைப்பும் உலக தியான தினம்னு போஸ்டர் போடுவாங்க, நீங்களும் அத மட்டும் போட்டா யாரோட நிகழ்ச்சின்னு தெரியாது. உலக தியான தினம்ங்கிறத மேல சின்னதாப் போடுங்க, கீழ பெருசா உங்க இடமும் நேரமும் வர்ற மாதிரி வைங்க, "தாம்பரம் காலை மௌன அமர்வு, 6.30 முதல் 7.15 வரை"ன்னு. நிகழ்ச்சிப் பேர்ல நேரம் இருந்தா வர்றவங்களுக்கு ஒரு நிம்மதி, எப்ப முடியும்னு தெரிஞ்சா வேலைக்குப் போறவங்களும் கொழந்தைய விட்டுட்டு வர்றவங்களும் துணிஞ்சு வருவாங்க. மகா, மெகா, மாபெரும் வேண்டாம், பத்து பேர் வந்தாலும் குறையாத் தெரியக் கூடாது.

குழுவுக்கு என் சிபாரிசு கேட்டா, "தாம்பரம் ஞாயிறு தியான வட்டம்". கவிதை மாதிரி இல்லன்னு உங்க குரூப்ல ஒருத்தராவது சொல்வாங்க, சொல்லட்டும், அதுல இடம் இருக்கு, கிழமை இருக்கு, செய்யிற காரியம் இருக்கு, யாரும் யாருக்கும் மேல இல்லங்கிறதும் இருக்கு. கத்தோலிக்க வீட்டுக்காரங்க குழம்புவாங்கன்னு தோணினா தியானத்த எடுத்துட்டு "ஞாயிறு அமைதி வட்டம்"னு வைங்க. அப்பார்ட்மெண்ட் பேர மட்டும் சேர்க்காதீங்க, அசோசியேஷன்ல அனுமதி கேக்கணும், வெளியாளுங்களும் இது குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்குவாங்க. பேருக்குக் கீழ ரெண்டு வரி போடுங்க: "அரை மணி நேரம் பேசாம உக்காருவோம், அப்புறம் டீ. குரு இல்லை, கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் வரலாம், நாற்காலி உண்டு." முட்டி வலி இருக்கிறவங்க நம்ம ஊர்ல ரொம்ப ஜாஸ்தி, நாற்காலி உண்டுங்கிற வார்த்தைய மறக்காமப் போடுங்க.